திரும்பிப் பார்க்காத பன்னிரண்டாம் நாள்

"மறுபடியுமா?" என்றார் ஏட்டு சக்கரபாணி.

மாறன் தலையாட்டினான். ஆட்டோ சாவி, லைசென்ஸ், ஆர்.சி. புத்தகம் மூன்றையும் மேஜை மேல் வரிசையாக வைத்தான். நிறைய தடவை செய்த வேலை மாதிரி இருந்தது அந்த வரிசை.

"இந்த வாட்டி யாரை இடிச்ச? போன வாட்டி சாமியாரு. அதுக்கு முன்னாடி ஸ்கூல் பொண்ணு. அதுக்கும் முன்னாடி..."

"கன்னுக்குட்டி சார்."

"ஆங், கன்னுக்குட்டி. என்னை இட்டுனு போயி அரை நாள் புதர் புதரா தேட வெச்ச. இன்னா கிடைச்சிச்சு? என் கால்ல ரெண்டு முள்ளு. அவ்ளோதான்."

"இந்த வாட்டி ஆள் கிடைச்சிடுச்சு சார்."

சக்கரபாணியின் சிரிப்பு பாதியில் நின்றது.

காலை ஏழரை மணிக்குக் கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலை தாண்டி டவுன் பக்கம் வரும் வளைவில், கால்வாய்க்குள் ஒரு பெரியவர் கிடந்தார். பெயர் சடையன். வயது அறுபத்திரண்டு. கல்யாண மண்டபம் ஒன்றில் வாட்ச்மேன். வேலை முடிந்து கீழ்பென்னாத்தூர் பஸ் பிடிக்க நடந்து போனவரை எதுவோ அடித்துப் போட்டிருந்தது. இடது கால் நசுங்கியிருந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது உயிர் இருந்தது. இவ்வளவும் சக்கரபாணிக்குத் தெரியும். ஸ்பாட்டுக்குப் போய் வந்தவரே அவர்தான்.

"உனக்கு யாரு சொன்னது?"

"ஆட்டோ ஸ்டாண்டுல பேசிக்கிட்டாங்க. காலைல அஞ்சே முக்காலுக்கு அந்த வளைவுல நான்தான் வந்தேன். வண்டி தூக்கிப் போட்டுச்சு. நான் இறங்கிப் பாக்கல. நான்தான் சார்."

பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னான். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

மாறனுக்கு இந்த வியாதி வந்து ஐந்து வருடம் ஆகிறது. ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தால் போதும். 'ஒரு ஆளை இடிச்சுட்ட' என்று உள்ளே யாரோ சொல்வார்கள். திருப்பிக்கொண்டு போய்ப் பார்ப்பான். யாரும் இருக்க மாட்டார்கள். 'இந்தப் பக்கம் பாத்த. அந்தப் பக்கம்?' என்று குரல் கேட்கும். மறுபடி போவான். பஸ் ஸ்டாண்டிலிருந்து அடி அண்ணாமலைக்கு இருபது நிமிடத்தில் வர வேண்டிய வண்டி இரண்டு மணி நேரம் கழித்து வரும். சவாரிகள் கைவிட்டுப் போயின. ஸ்டாண்டில் அவன் பெயர் 'ரிவர்ஸ் மாறன்' ஆனது.

அவன் மனைவி தமிழ்செல்விதான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் தேவிப்ரியா மாத்திரை எழுதிக் கொடுத்தாள். மாத்திரை குரலை நிறுத்தவில்லை. சத்தத்தைக் குறைத்தது. கூடவே மற்ற எல்லாவற்றின் சத்தத்தையும் குறைத்தது. பொங்கலுக்கு மகள் புதுச்சட்டை போட்டு வந்து நின்றபோது 'நல்லாருக்கு' என்று சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. சொன்னான். நல்லா இருப்பது மட்டும் தெரியவில்லை.

பிறகு டாக்டர் ஒரு பயிற்சி கொடுத்தாள். "சந்தேகம் வரட்டும் மாறன். வந்துட்டுப் போகட்டும். நீங்க வண்டியைத் திருப்பாதீங்க. இருபத்தியொரு நாள். ஒரு தடவைகூட."

பதினோரு நாள் திருப்பவில்லை. தமிழ்செல்வி காலண்டரில் தினமும் ஒரு டிக் போட்டு வந்தாள்.

இன்று வியாழக்கிழமை. பன்னிரண்டாம் நாள்.

எஸ்.ஐ. கஸ்தூரி இந்த ஸ்டேஷனுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. மாறனின் பழைய கதையைச் சக்கரபாணி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தார்.

"லூசுன்னு சொல்ல முடியாது மேடம். கணக்கா பேசுவான். ஆனா ஆளு இப்படி. இந்த வாட்டி நேரம் ஒத்துப்போவுது, இடமும் ஒத்துப்போவுது. அவனே ஒத்துக்கறான். எழுதி வாங்கிடலாம்."

கஸ்தூரி வெளியே நின்ற ஆட்டோவிடம் போனாள். முகப்பு விளக்கைத் தொட்டுப் பார்த்தாள். கண்ணாடியில் கீறல்கூட இல்லை. மட்கார்டில் நசுங்கல் இல்லை. பின் டயர் இரண்டிலும் செம்மண் அப்பிக் காய்ந்திருந்தது. முன் டயர் மட்டும் குளித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

"முன் டயரை ஏன் கழுவினீங்க?"

"நான் கழுவல மேடம்."

"பின்ன யாரு?"

மாறன் டயரையே பார்த்தான். காலை ஒன்பது மணிக்குச் சாப்பிட வீட்டுக்குப் போனான். வண்டி வாசலில் அரை மணி நேரம் நின்றது. அவ்வளவுதான் தெரியும்.

தமிழ்செல்வி பன்னிரண்டரைக்கு ஆஸ்பத்திரி ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். ஸ்டாண்டிலிருந்து யாரோ போன் செய்திருக்கிறார்கள். வந்ததும் ஃபைலைப் பிரித்து மேஜை மேல் வைத்தாள்.

"மேடம், இவருக்கு உடம்பு சரியில்ல. இது எல்லாம் இவரு நெனப்பு. டாக்டரே எழுதிக் குடுத்திருக்காங்க, பாருங்க. ஒரு எறும்பைக்கூட இடிச்சதில்ல."

"டயரை நீங்க கழுவினீங்களா?"

தமிழ்செல்வி ஃபைலை மூடினாள்.

"கேட்டேனே."

"செவப்பா இருந்திச்சு மேடம். டயர்ல, மட்கார்டு உள்பக்கம், கொழகொழன்னு. அவரு கையலம்பப் போயிருந்தாரு. ஒரு பக்கெட்டு தண்ணி ஊத்திட்டேன்."

"ஏன்?"

"அவரு பாத்தா திரும்பவும் ஆரம்பிச்சிடுவாரேன்னு."

"அது ஒண்ணுதான் காரணமா?"

மாறன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான்.

"நீயும் நம்பிட்டியா தமிழு?"

"அஞ்சு வருஷமா நம்பாமத்தாங்க இருந்தேன்." புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "ரெண்டு நிமிஷம். தண்ணி ஊத்தற நேரம். அப்பதான்."

"சரி," என்றான் மாறன்.

கோபம் வர வேண்டிய இடம் என்று அவனுக்குத் தெரிந்தது. வரவில்லை. அவள் அழ ஆரம்பித்தாள். அவள் தோளைத் தொட வேண்டும் என்பதும் தெரிந்தது. தொட்டான்.

கஸ்தூரி சக்கரபாணியைக் கூப்பிட்டாள். "அந்த ரோட்டுல போயி வளைவுக்கு முன்னாடியும் பின்னாடியும் முன்னூறு முன்னூறு மீட்டர் நடங்க. செவப்பா எது இருந்தாலும் போட்டோ எடுத்து அனுப்புங்க."

"வெயில் ஜாஸ்தியா இருக்குது மேடம்."

"தொப்பி போட்டுக்குங்க."

பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். நடுவில் மேலிருந்து கீழே ஒரு கோடு போட்டாள்.

"இடது பக்கம், நீங்க கண்ணால பார்த்தது, காதால கேட்டது, உடம்புல பட்டது. வலது பக்கம், நீங்க நெனச்சது. கலக்காம சொல்லுங்க."

"ஒரு ஆளை இடிச்சேன்."

"ஆளைப் பார்த்தீங்களா?"

"இல்ல."

"கத்தினாரா?"

"இல்ல."

கஸ்தூரி வலது பக்கம் எழுதினாள். "அடுத்து?"

"டமார்னு ஒரு சத்தம்."

"டமாரா? நல்லா யோசிங்க."

மாறன் கண்ணை மூடவில்லை. சுவரில் தொங்கிய நோட்டீஸ் போர்டைப் பார்த்தபடி இருந்தான். "டமார் இல்ல மேடம். பொதக்னு. ஈரமா. முன் சக்கரம் ஏறி இறங்கிச்சு. பின் சக்கரம் ஏறல."

"எந்த இடம்?"

"கரும்பு ஜூஸ் கடை வாசல்ல. கடை மூடியிருந்துச்சு."

"இது இடது பக்கம்." எழுதினாள். "கால்ல, கையில எதுனா தெறிச்சுதா?"

"வாசனை வந்துச்சு. எலுமிச்சம்பழம். கற்பூரம் கொஞ்சம்."

அப்போது கஸ்தூரியின் போன் சிணுங்கியது. சக்கரபாணி அனுப்பிய படம். ஜூஸ் கடை வாசலில், ரோட்டில், நேற்றைய அமாவாசைக்குத் திருஷ்டி சுற்றி உடைத்த பூசணிக்காய். குங்குமத்தில் குளித்த அந்தச் சதை நடுவே ஒரே ஒரு டயர் தடம். படத்தின் கீழே சக்கரபாணி எழுதியிருந்தார்: 'மேடம், மாறன் இடிச்ச ஆள் கிடைச்சிட்டார். பூசணிக்காய்.'

அவள் போனைத் திருப்பி மாறனிடம் காட்டினாள். அவன் பார்த்தான்.

"நீங்க இடிக்கல. அது உங்க விளக்கைப் பார்த்தப்பவே எனக்குத் தெரியும். பெரியவர் கிடந்த இடத்துல கண்ணாடித் துண்டு கிடக்குது. உங்க வண்டியில கண்ணாடி முழுசா இருக்குது."

"அப்ப ஏன் மேடம் உக்கார வெச்சிருக்கீங்க?" என்றாள் தமிழ்செல்வி.

"ஏன்னா இவரு அங்க இருந்தாரு. அந்த வளைவுல கேமரா இல்ல. அடுத்த கேமரா ஒரு கிலோமீட்டர் தள்ளி. அதுல அந்த நேரத்துக்குப் பதினேழு வண்டி போயிருக்கு. எனக்கு ஒரு வண்டி வேணும்." மாறனிடம் திரும்பினாள். "வீட்டுல இருந்து கிளம்பினதுல இருந்து சொல்லுங்க. இடது பக்கம் மட்டும்."

மாறன் சொன்னான். சொல்லச் சொல்லக் கஸ்தூரியின் பேனா தடுமாறியது. வேகம் போதவில்லை.

மூன்று பேர் மலையைப் பார்த்து நடந்தார்கள். நடுவில் இருந்த பெண் பச்சைச் சேலை. டீக்கடையில் பால் குக்கர் விசில். எதிரே ஒரு பைக், ஹெல்மெட் டேங்க் மேல். அப்புறம் ஒரு மினி லாரி.

"ஒத்தக் கண்ணு மேடம். இடது பக்க லைட்டு எரியல. லைட்டு இருக்கற இடத்துல ஒயர் தொங்கிச்சு. நீலத் தார்ப்பாய், மஞ்சக் கயிறு. கயிறு ஒரு முனை அவுந்து தரையில இழுத்துனு போச்சு. நம்பர் கடைசி ரெண்டும் முப்பத்தாறு."

"நம்பர் எப்படி ஞாபகம் இருக்குது?"

"எல்லா வண்டி நம்பரும் பாப்பேன். அஞ்சு வருஷமா. பின்னாடி யாராவது கேட்டா சொல்றதுக்கு."

யாரும் கேட்டதில்லை. இன்றுதான் கேட்டார்கள். கஸ்தூரி வெளியே எட்டிப் பார்த்து, கேமரா அறைக்கு நம்பரைச் சொல்லச் சொன்னாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"வேற?"

"வளைவு. நடு ரோட்டுல ஒரு செருப்பு."

பேனா நின்றது.

கிரிவலப் பாதையில் செருப்பு ஒரு அதிசயம் இல்லை. மலையைச் சுற்ற வருகிறவர்கள் வெறுங்காலில் நடப்பார்கள். கழற்றிய செருப்பு மரத்தடியில், கடை ஓரத்தில், எங்கே வேண்டுமானாலும் கிடக்கும். ஆனால் ஓரமாகக் கிடக்கும். ஜோடியாகக் கிடக்கும்.

"ஒத்தச் செருப்பு," என்றான் மாறன். "குப்புறக் கிடந்துச்சு. அடிப்பாகம் தேயவே இல்ல, புதுசு. இடது கால் செருப்பு. நான் ஒதுங்கிப் போனேன்."

"பூசணிக்காய்க்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி. இருநூறு மீட்டர் முன்னாடி."

"செருப்பைப் பார்த்தப்ப என்ன நெனச்சீங்க?"

"யாரோ விழுந்திருக்காங்க. இறங்கிப் பாருன்னு."

கஸ்தூரியின் பேனா கோட்டுக்கு மேலேயே நின்றது. அதை இடது பக்கம் எழுதுவதா, வலது பக்கம் எழுதுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"பன்னெண்டாம் நாள் மேடம்," என்றான் மாறன். "பதினோரு நாள் தாண்டிட்டேன். அதனால இறங்கல. கொஞ்ச தூரத்துல பொதக்னு சத்தம். அதுக்கும் 'இறங்கிப் பாரு'ன்னு வந்துச்சு. அதுக்கும் இறங்கல."

தமிழ்செல்வி அவனைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். காலண்டர் டிக் போட்டவள் அவள்தான்.

கஸ்தூரி பேனாவை மூடினாள். "போங்க. சாப்பிடுங்க. நாளைக்குக் காலைல வந்து கையெழுத்துப் போடணும். வண்டி இங்க இருக்கட்டும்."

மாலைக்குள் மினி லாரி சிக்கியது. ஓட்டியவன் தூங்கிவிட்டானாம். நாய் என்று நினைத்தானாம்.

சாயங்காலம் மாறன் டாக்டர் தேவிப்ரியாவுக்குப் போன் செய்தான். நடந்ததை வரிசையாகச் சொன்னான்.

"உங்க மேல தப்பு இல்ல மாறன்."

"அதைக் கேக்கல மேடம். செருப்புக்கும் அதே குரல். பூசணிக்காய்க்கும் அதே குரல். சத்தம்கூட ஒரே அளவு. எதை நம்பி நான் இறங்கறது?"

"போன்ல சொல்ற மாதிரி பதில் என்கிட்ட இல்ல. சொன்னா பொய்யாப் போயிடும். நாளைக்கு நேர்ல வாங்க. முதல் ஆளா பாக்கறேன்."

"சரிங்க மேடம்."

தமிழ்செல்வி தட்டில் சோறு வைத்தாள். சாப்பிட்டான். அன்றைய கட்டத்தில் டிக் போடவா என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கஸ்தூரி வாக்குமூலத்தை டைப் செய்து வைத்திருந்தாள். வாசித்தாள். நேரம், வளைவு, மினி லாரி, உடைந்த விளக்கு, தார்ப்பாய், முப்பத்தாறு. முடிந்தது.

"சரியா இருக்குதா?"

"ஒண்ணு விட்டுப்போச்சு மேடம். செருப்பு."

"விட்டுப்போகல. விட்டேன்."

சக்கரபாணி நிமிர்ந்து பார்த்தார்.

"செருப்பு இல்லாமலே கேஸ் நிக்கும்," என்றாள் கஸ்தூரி. "லாரிக்காரன் ஒத்துக்கிட்டான். கண்ணாடியும் பொருந்துது. இந்தப் பேப்பரை அந்தக் குடும்பம் வாங்கிப் படிக்கும். செருப்பைப் பார்த்துட்டு ஒருத்தன் போனான்னு அவங்க படிக்கணுமா? உங்களுக்கும் பொண்ணு இருக்குது. அதே ரோட்டுல தினம் ஓட்டணும் நீங்க."

"பெரியவர் எப்படி இருக்காரு?"

"உயிருக்கு ஆபத்து இல்ல. நேத்து ராத்திரி இடது காலை எடுத்துட்டாங்க. முட்டிக்குக் கீழ."

மாறன் யோசித்தான். ஐந்து வருடமாக இடிக்காத ஆளுக்கெல்லாம் இதே ஸ்டேஷனில் வந்து விலங்குக்குக் கை நீட்டியிருக்கிறான். சாமியாரை இடித்தேன் என்று அழுதிருக்கிறான். கன்றுக்குட்டிக்காகச் சோறு இறங்காமல் இருந்திருக்கிறான். இதற்கு அழுகை வருகிறதா என்று பார்த்தான். வாய் மரத்துப்போனால் கன்னத்தைக் கடித்துப் பார்ப்பது போலப் பார்த்தான். ஒன்றும் இல்லை. குரல்கூட இல்லை. உள்ளே வெள்ளைச் சுவர் மாதிரி இருந்தது.

"எழுதுங்க மேடம்."

"மாறன்..."

"நெனச்சது எதுவும் வேணாம். செருப்பைப் பார்த்தேன், நிறுத்தல. அவ்ளோ மட்டும் எழுதுங்க."

சக்கரபாணி மெதுவாகச் சொன்னார். "யோவ், எல்லாரும் பார்த்துட்டுத்தான்யா போறாங்க. நான்கூட போயிருப்பேன்."

"நீங்க போயிருப்பீங்க சார். நான் போக மாட்டேன். அஞ்சு வருஷத்துல ஒரு நாள்கூடப் போனதில்ல."

கஸ்தூரி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி இரண்டு வரி சேர்த்தாள். பிரின்ட் வந்தது. மாறன் படித்துப் பார்த்தான். கையெழுத்துப் போட்டான். சாவியை வாங்கிக்கொண்டான்.

வெளியே பெஞ்சில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் துணிப்பை. பையிலிருந்து எக்ஸ்ரே கவர் நீட்டிக்கொண்டிருந்தது. அவனைப் பார்த்ததும் எழுந்தாள்.

"நீங்கதான் லாரி நம்பரு சொன்னவரா? நான் ரேவதி. சடையன் பொண்ணு." கையைக் கூப்பினாள். "இந்தக் காலத்துல யாருண்ணா வந்து சொல்றாங்க. நீங்க நல்லா இருக்கணும்."

மாறன் அந்தக் கூப்பிய கையைப் பார்த்தான்.

"உங்கப்பா செருப்பு ரோட்டுல கிடந்துச்சும்மா. நான் பார்த்தேன். யாரோ விழுந்திருப்பாங்கன்னு தோணுச்சு. நிறுத்தல. போயிட்டேன். உள்ள எழுதிக் குடுத்திருக்கேன்."

அவள் கை கொஞ்ச நேரம் கூப்பியபடியே இருந்தது. பிறகு இறங்கியது.

"எத்தினி மணி?"

"அஞ்சே முக்கால்."

"ஏழரைக்குத்தான் தூக்கினாங்க." அவள் திட்டவில்லை. கணக்குச் சரியா என்று பார்க்கிறவள் மாதிரி நின்றாள். "கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னாங்க. அவரு காலை." பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். "வேணும்னே போனீங்களா?"

"இல்லம்மா."

"பின்ன?"

அவன் சொல்லப் பார்த்தான். மாத்திரை, டாக்டர், இருபத்தியொரு நாள், ஐந்து வருடம். எல்லாம் வாய் வரை வந்தன. எதுவும் வெளியே வரவில்லை.

"தெரியலம்மா."

ரேவதி ரோட்டைப் பார்த்தாள். பஸ் எதுவும் இல்லை. பையில் இருந்த மருந்துப் பொட்டலத்தைப் பார்த்தாள்.

"பத்து மணிக்கு டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துடுவாங்க. அதுக்குள்ள இந்த மருந்து ஆஸ்பத்திரியில இருக்கணும். அது உங்க வண்டிதானே?"

"ஆமா."

"எடுங்க."

அவள் பின் சீட்டின் ஓரத்தில், பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். மாறன் கிளப்பினான். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள், இந்த ஓரம், அந்த ஓரம் என்று.

காந்தி சிலை தாண்டி ஒரு இடத்தில் வண்டி தூக்கிப் போட்டது.

"இன்னாண்ணா அது?" என்றாள் ரேவதி.

"வேகத்தடைம்மா."

"பாத்தீங்களா?"

"பார்த்தேன்."

அவள் ஒருமுறை பின்னால் திரும்பி, எட்டிப் பார்த்துவிட்டு, நேராக உட்கார்ந்தாள்.